மடவார் வளாகத்திலிருந்து மாநாட்டு மேடைக்கு

இந்த அத்தியாயம் ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ இருந்துகொண்டு நாலைந்து பால்கோவா கடைகளுக்கும், ஒரு பேண்டேஜ் துணி ஏற்றுமதியாளருக்கும், சொந்தக்காரர் நடத்தும் ஒரு லாட்ஜுக்கும் இணையதளம் பார்த்துக்கொடுப்பவருக்காக எழுதியது. எஸ்இஓ வேலை உங்களுக்குத் தெரியும், செய்தும் வருகிறீர்கள். ஆனால் எஸ்இஓ மாநாடு என்றால் அது சென்னை, பெங்களூருக்காரர்கள் சமாச்சாரம் என்று ஒதுங்கியிருப்பீர்கள். ஒதுங்க வேண்டியதில்லை என்பது என் உறுதியான எண்ணம். ஒரே ஓர் ஊரின் தேடலை ஆண்டுக்கணக்கில் கிட்ட இருந்து பார்த்தவர் பேசினால் அரங்கம் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்கும். பெரிய நிறுவனத்திலிருந்து வரும் பேச்சாளர்களிடம் அந்தச் சரக்கு பெரும்பாலும் இருப்பதில்லை. தமிழில் நடக்கும் தேடலைப் பற்றி ஆதாரத்தோடு பேசுகிறவர்கள் மிகவும் குறைவு. அந்த இடம் காலியாகக் கிடக்கிறது.

எந்த மாநாடு

தேடுபொறிக்கும் மாநாட்டுக்கும் உறவு பழையது. லாரி பேஜும் செர்கே பிரினும் ஸ்டான்ஃபோர்டில் மாணவர்களாக இருந்தபோது, கூகுளின் அமைப்பை விளக்கும் கட்டுரையை 1998 ஏப்ரலில் பிரிஸ்பேனில் நடந்த 7ஆவது உலகளாவிய வலை மாநாட்டில் முன்வைத்தார்கள். அடுத்த ஆண்டே டேனி சல்லிவன் சான்பிரான்சிஸ்கோவில் ‘சர்ச் எஞ்சின் ஸ்ட்ராட்டஜீஸ்’ என்ற மாநாட்டைத் தொடங்கினார். எஸ்இஓவை ஒரு தொழிலாகச் செய்கிறவர்கள் கூடும் மாநாடுகளுக்கு அதுவே பாதை போட்டது. இங்கிலாந்தில் கெல்வின் நியூமன் தொடங்கிய பிரைட்டன்எஸ்இஓ ஒரு மதுக்கடையின் மாடியறையில் கூடிய சின்னக் கூட்டமாக ஆரம்பித்தது. இன்று அதற்கு ஆயிரக்கணக்கில் ஆட்கள் வருகிறார்கள். அதுவும் லண்டனுக்கு அல்ல, ஒரு கடற்கரை ஊருக்கு.

நம் பக்கத்து வரலாறு இதைவிடப் பழையது. 1997இல் நா. கோவிந்தசாமியின் முயற்சியில் சிங்கப்பூரில் நடந்த தமிழ் இணைய மாநாடும், 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த ‘தமிழ்இணையம் 99’ மாநாடும் தமிழ்க் கணிமைக்கு அடித்தளம் இட்டன. நீங்கள் இன்று தட்டும் தமிழ்99 விசைப்பலகை சென்னை மாநாட்டில் முடிவானதுதான். 2000இல் இந்த மாநாடுகளை நடத்த உத்தமம் அமைப்பு உருவானபின் அவை கோலாலம்பூர், கொலோன், டொராண்டோ என்று சுற்றின. 2010இல் கோவைக்கும், 2012இல் சிதம்பரத்துக்கும், 2016இல் திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்துக்கும் வந்தன. 2024 பிப்ரவரியில் தமிழ் இணையக் கல்விக்கழகம் சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் பன்னாட்டுக் கணித்தமிழ் மாநாட்டை நடத்தியது. இவை எஸ்இஓ மாநாடுகள் அல்ல. ஆனால் தமிழ்த் தேடல், ஒருங்குறி, சொல் பகுப்பு பற்றிய அமர்வுகளுக்கு இவற்றில் எப்போதும் இடம் உண்டு. ஆய்வுச் சுருக்கத்தை அனுப்பினால் வல்லுநர்கள் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். கட்டுரை மாநாட்டு மலரிலும் வரும். கல்லூரி வேலையில் இருப்பவருக்கு அது கூடுதல் பயன்.

முதல்முறை பேசப் போகிறவருக்கு நான் சொல்வது இரண்டு. ஒன்று, இப்படியான தமிழ் இணைய மாநாடு. இன்னொன்று, வேர்ட்பிரஸ் ஆர்வலர்கள் நடத்தும் வேர்ட்கேம்ப். வேர்ட்கேம்பைத் தன்னார்வலர்களே நடத்துகிறார்கள், கட்டணமும் குறைவு. புதுப் பேச்சாளர்களை வரவேற்கும் பழக்கம் அங்கே உண்டு, பேச்சின் காணொளி இணையத்தில் நிலைத்தும் இருக்கும். கூகுளே நடத்தும் ‘சர்ச் சென்ட்ரல் லைவ்’ கூட்டங்களுக்குக் கட்டணம் கிடையாது. விண்ணப்பித்து, அவர்கள் தேர்ந்தெடுத்தால் போகலாம். 2025 ஜூலையில் பேங்காக்கில் 3 நாள் நடந்தது. உள்ளூர் எஸ்இஓ ஆட்களின் குறும்பேச்சுகளுக்கும் அதில் இடம் கொடுத்தார்கள். அதை இரண்டாம் ஆண்டுக் கனவாக வைத்துக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் திட்டவட்டமாகச் சொல்லிவிடுகிறேன். பேசுவதற்கு உங்களிடம் பணம் கேட்கும் மாநாட்டுக்குப் போகாதீர்கள். ‘விருதும் மேடையும் சேர்த்து இவ்வளவு’ என்று வரும் மின்னஞ்சல் எஸ்இஓ ஆட்களைக் குறிவைத்தே வருகிறது. நல்ல மாநாடு பேச்சாளரிடம் பேச்சின் சுருக்கத்தைத்தான் கேட்கும். உள்ளூர் வேர்ட்கேம்ப் போன்றவை பயணச் செலவைத் தருவதில்லை, அது வேறு விஷயம், அதற்குத் தயாராக இருங்கள்.

சென்னைக்கு நமக்குப் பொதிகை எக்ஸ்பிரஸ் போதும். ராஜபாளையத்திலும் நிற்கிறது, ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நிற்கிறது. இரவு ஏறிப் படுத்தால் காலையில் சென்னை. மாநாடு நந்தம்பாக்கம், கிண்டி பக்கம் என்றால் எழும்பூர் வரை போகாமல் தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயில் பிடித்துவிடுங்கள். முதல் நாள் இரவு கிளம்பி மறுநாள் இரவே திரும்பலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. பேசப் போகிறீர்கள் என்றால் அது வேண்டாம், ஒரு நாள் முன்னதாகவே போய்விடுங்கள். ரயிலில் அரைத் தூக்கம் தூங்கிவிட்டு மேடை ஏறினால் பேச்சின் முதல் ஐந்து நிமிடம் கைநழுவிப்போகும்.

உங்கள் சரக்கு எது

இந்த அத்தியாயத்தில் நான் அதிகம் நிற்கப்போகிற இடம் இது. ‘எஸ்இஓவின் எதிர்காலம்’, ‘செயற்கை நுண்ணறிவுக் காலத்தில் தேடல்’ என்றெல்லாம் தலைப்பு வைத்து விண்ணப்பிக்காதீர்கள். அந்தத் தலைப்பில் அமைப்பாளர்களுக்கு ஏற்கெனவே ஒரு கத்தை விண்ணப்பம் வந்திருக்கும். உங்கள் தெருவிலிருந்து தொடங்குங்கள்.

மடவார் வளாகத்தையே எடுத்துக்கொள்வோம். ஸ்ரீவில்லிபுத்தூரின் ஒரு பகுதி. வைத்தியநாத சுவாமி கோயில் இருப்பதால் ஊருக்கு வெளியேயும் தெரிந்த பெயர். திருமலை நாயக்கருக்கு வயிற்றுநோய் இங்கேதான் தீர்ந்தது என்பது ஊர்வழக்கு. சுகப்பிரசவம் வேண்டி வருகிறவர்கள் இன்றும் உண்டு. இந்தக் கோயிலுக்குப் பக்கத்தில் லாட்ஜோ பூஜைப்பொருள் கடையோ வைத்திருப்பவருக்கு இணையதளம் செய்துகொடுக்கும்போது வரிசையாகச் சிக்கல் வரும். ‘வைத்தியநாதர் கோயில்’ என்று மட்டும் தேடினால், ஜோதிர்லிங்கங்களில் ஒன்றாகச் சொல்லப்படும் ஜார்க்கண்ட் தேவ்கர் கோயிலும், மயிலாடுதுறைப் பக்கத்து வைத்தீஸ்வரன் கோயிலும் முன்னால் வந்து நிற்கும் வாய்ப்பு அதிகம். ‘வளாகம்’ என்பது பொதுப்பெயராகவும் இருப்பதால் கல்லூரி வளாகம், அலுவலக வளாகம் எல்லாம் குறுக்கே வரலாம். அதோடு பாதிப் பேர் ‘மடவார் விளாகம்’ என்றே எழுதுகிறார்கள். ஆங்கில எழுத்தில் தட்டுகிறவர்களோ இரண்டையும் கலந்து தட்டுகிறார்கள். பக்கத்தில் எந்த வடிவத்தைத் தலைப்பில் வைப்பது, எதை உள்ளே எழுதுவது, கூகுள் வணிகச் சுயவிவரத்தில் எதைக் கொடுப்பது? இந்த ஒரு கேள்விக்கு நீங்கள் சோதித்துப் பார்த்துக் கண்ட விடையே 20 நிமிடப் பேச்சுக்குப் போதும்.

ராஜபாளையத்துக்காரருக்கு இதே சிக்கல் வேறு உருவத்தில் வரும். ஊர்ப் பெயரைத் தனியாகத் தேடினால் நாயும் வரும். வெள்ளை நிறமும் இளஞ்சிவப்பு மூக்குமாக நிற்கும் ராஜபாளையம் நாயின் படங்களுக்கு நடுவில், சத்திரப்பட்டிப் பக்கம் நெய்த பேண்டேஜ் துணியை வெளிநாட்டில் விற்கும் நிறுவனம் தன் ஊர்ப் பெயரை எப்படிப் பயன்படுத்த வேண்டும்? ஏற்றுமதி வாங்குகிறவர் ஊர்ப் பெயரைத் தேடுகிறாரா, துணியின் தரத்தையும் அளவையும் தேடுகிறாரா? இதற்கான பதில் உங்கள் சர்ச் கன்சோலில் இருக்கிறது. பெருநகரப் பேச்சாளருக்கு அது எட்டாது.

அரங்கத்தில் எல்லோர் கண்முன்னும் செய்துகாட்டக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூர் என்ற பெயரின் முதல் எழுத்தைக் கணினி இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். ஒன்று ‘ஸ்’ஸோடு ‘ரீ’ சேர்ந்தது. மற்றொன்று ‘ஶ்’ என்ற எழுத்தோடு ‘ரீ’ சேர்ந்தது. இந்த ‘ஶ’ 2005இல் வெளிவந்த ஒருங்குறி 4.1 பதிப்பில்தான் சேர்க்கப்பட்டது. அதற்கு முன் எழுதியவை எல்லாம் முதல் வகை. பின்னால் வந்தவற்றில் இரண்டும் கலந்து கிடக்கின்றன, விசைப்பலகைக்கு விசைப்பலகை மாறும். திரையில் பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். ஒரு வகையில் எழுதிய பத்தியை நோட்பேடில் ஒட்டி, மற்ற வகையில் ஊர்ப் பெயரைத் தட்டித் தேடிப் பாருங்கள். கண்முன்னால் சொல் இருந்தும் ‘கிடைக்கவில்லை’ என்று வரும். உங்கள் தளத்தின் உள்தேடல் பெட்டியிலும் இதே கதி வரலாம். பால்கோவா கடையின் தளத்தில் ஊர்ப் பெயரைத் தட்டினால் ஒரு பொருளும் வரவில்லை என்றால் காரணம் இதுவாக இருக்கலாம். கூகுள் இரண்டையும் ஒன்றாகக் கருதுகிறதா என்பதை மேடையில் ஊகித்துச் சொல்லாதீர்கள். பேசும் அன்று காலை இரண்டு வடிவத்தையும் தேடி, திரையைப் படம் எடுத்து, தேதியோடு காட்டுங்கள். ஊகத்தைவிடத் தேதி போட்ட ஒரு படத்துக்கு மதிப்பு அதிகம்.

இன்னொரு சரக்கு பருவம். ஆடிப்பூரத் தேர், மார்கழி, பங்குனி உத்திரத்தில் ஆண்டாள் திருக்கல்யாணம், புரட்டாசிச் சனிக்கிழமைகளில் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாள் கோயில் கூட்டம், அமாவாசை பௌர்ணமிக்குச் சதுரகிரி. நம் ஊர்த் தேடல் பஞ்சாங்கத்தைப் பார்த்து ஏறி இறங்குகிறது. சர்ச் கன்சோல் 16 மாதக் கணக்கை மட்டுமே வைத்திருக்கும். ஆகவே ஆடிப்பூரம் முடிந்த கையோடு, ஆகஸ்டிலேயே, கணக்கை இறக்கி வைத்தால் இரண்டு ஆண்டு ஆடிப்பூரமும் அதில் அகப்படும். தை மாதம் வரை தள்ளிப்போட்டால் முந்தைய ஆண்டு அழிந்துபோயிருக்கும். ஆங்கிலத் தேதியை வைத்து ஒப்பிடவும் கூடாது. ஆடிப்பூரம் ஆண்டுக்கு ஆண்டு நகரும். திருவிழா நாளை நடுவில் வைத்து முன்னும் பின்னும் எண்ணி ஒப்பிடுங்கள். இந்தச் சின்ன முறையை விளக்கினாலே கும்பகோணத்திலிருந்தும் திருச்செந்தூரிலிருந்தும் வந்தவர்கள் உங்களைத் தேடி வந்து பேசுவார்கள்.

சின்ன ஊர்க் கணக்கில் ஒரு பொறி உண்டு, அதையும் மேடையில் நீங்களே சொல்லிவிட வேண்டும். மிகச் சிலர் மட்டும் தேடிய சொற்களை, அவர்களின் அந்தரங்கம் கருதி, கூகுள் பட்டியலில் காட்டுவதில்லை. மொத்தச் சொடுக்கு ஓர் எண்ணாக இருக்கும், பட்டியலில் உள்ளதைக் கூட்டினால் குறைவாக வரும். மடவார் வளாகம் போன்ற பெயர்களுக்கு இந்த இடைவெளி பெரிதாகவே இருக்கும். ‘இந்தச் சொல்லை யாரும் தேடவில்லை’ என்று அடித்துச் சொல்லிவிட்டால், கேள்வி நேரத்தில் விஷயம் தெரிந்த ஒருவர் எழுந்து நிற்பார்.

கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்

கணக்கு உங்களுடையது அல்ல, வாடிக்கையாளருடையது. மேடையில் காட்டுவதற்கு முன் நேரில் போய்க் கேளுங்கள். நீளமாக விளக்க வேண்டாம்.

“அண்ணாச்சி, நம்ம கடை சைட்டுக்கு யாரு எதத் தேடி வாராங்கங்கிற கணக்க சென்னையில ஒரு கூட்டத்துல காட்டிக்கிடவா? கடைப் பேரச் சொல்ல மாட்டேன்.”

“பேரச் சொல்லாமன்னா தாராளமாக் காட்டு தம்பி. வெளியூர் ஆர்டர் எத்தனைங்கிறத மட்டும் காட்டிராத.”

இவ்வளவுதான். வீட்டுக்கு வந்ததும் அதையே ஒரு வாட்ஸ்அப் செய்தியாக அனுப்பி, ‘சரி’ என்று பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். படங்களில் கடைப் பெயரையும் முகவரிப் பட்டையையும் மங்கலாக்குவதோடு விடாதீர்கள், அந்தப் பகுதியை வெட்டியே எடுத்துவிடுங்கள். பல நேரம் தேடல் சொற்களிலேயே கடையின் பெயர் இருக்கும், அந்த வரிகளையும் பாருங்கள். சொடுக்கு எண்ணிக்கையை வெளியிட விருப்பமில்லை என்றால் சதவீதமாக மாற்றிக் காட்டலாம்.

விண்ணப்பம்

பேச்சுச் சுருக்கம் ஒரு பத்திதான் இருக்கும், அதில்தான் தேர்வு நடக்கிறது. யாருக்கு, என்ன ஆதாரத்தோடு, கேட்டவர் எதைச் செய்துபார்க்க முடியும் என்ற மூன்றும் அதில் தெரிய வேண்டும். மாதிரிக்கு ஒன்று எழுதிக் காட்டுகிறேன்.

‘ஆடிப்பூரத்தை நடுவில் வைத்து எண்ணுவது: ஒரு கோயில் ஊரின் தேடல் கணக்கு. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் உள்ள ஒரு சிறு தங்குமிடத்தின் 16 மாதச் சர்ச் கன்சோல் கணக்கை முன்வைத்து, திருவிழாத் தேடல் எத்தனை நாள் முன்னதாகத் தொடங்குகிறது, தமிழ் எழுத்தில் தேடுகிறவர்களும் ஆங்கில எழுத்தில் தேடுகிறவர்களும் எந்தெந்தப் பக்கத்துக்கு வருகிறார்கள், ஊர்ப் பெயரின் பல வடிவங்களை ஒரே பக்கத்தில் எப்படிக் கையாளலாம் என்று காட்டுவேன். கோயில் ஊர்களில் சிறு வணிகத் தளங்களைப் பராமரிப்பவர்கள் அதே வாரம் தங்கள் தளத்தில் செய்துபார்க்கக்கூடிய ஒப்பீட்டு முறையோடு பேச்சு முடியும்.’

இதில் ‘புரட்சிகரமான’, ‘ரகசியங்கள்’ என்று ஒரு சொல்லும் இல்லை. தேவையும் இல்லை. தன்விவரக் குறிப்பிலும் அப்படியே. ‘டிஜிட்டல் மார்க்கெட்டிங் வல்லுநர்’ என்று எழுதினால் கூட்டத்தில் ஒருவராகிவிடுவீர்கள். ‘ஸ்ரீவில்லிபுத்தூரில் உணவு, தங்குமிடத் தொழில்களுக்கு இணையதளம் பார்த்துக்கொடுப்பவர்’ என்று எழுதினால் அமைப்பாளர் இரண்டாம் முறை படிப்பார்.

எந்த மொழியில் பேசுவது என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். தமிழ் மாநாட்டில் தமிழில்தான். பொது மாநாட்டில் அமைப்பாளரிடம் முன்கூட்டியே கேளுங்கள். சென்னை அரங்கில் தமிழும் ஆங்கிலமும் கலந்து பேச அனுமதிப்பவர்கள் நிறைய. ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும் என்றால் எளிய வாக்கியங்களில் பேசுங்கள், மனப்பாடம் வேண்டாம். கேட்பவர்கள் உங்கள் கணக்கைப் பார்க்க வந்தவர்கள். உச்சரிப்புக்கு மதிப்பெண் போட யாரும் அங்கே உட்கார்ந்திருக்கவில்லை.

திரை

தமிழில் திரை தயாரிக்கிறவருக்கு ஆங்கிலப் பேச்சாளருக்கு இல்லாத தலைவலி ஒன்று உண்டு. அரங்கக் கணினியில் உங்கள் எழுத்துரு இருக்காது. ‘கொ’வின் கொம்பு ஒருபுறமும் கால் ஒருபுறமும் தனித்தனியாக நிற்கும், ‘ஸ்ரீ’ உடைந்துபோகும். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒருங்குறி எழுத்துருவில் செய்து, கோப்புக்குள்ளேயே எழுத்துருவைப் பதித்துவிடுங்கள். அதோடு ஒரு பிடிஎஃப் பிரதியும் பென்டிரைவில் இருக்கட்டும். பழைய பாமினி, வானவில் எழுத்துருவில் செய்த விளம்பரத் தாளிலிருந்து எதையும் அப்படியே வெட்டி ஒட்டாதீர்கள். அவை திரையில் தமிழாகத் தெரிந்தாலும் கணினிக்கு வேறு எழுத்துகள்தான். (அதுவே தனிப் பேச்சுக்கான பொருள். நம் ஊர்க் கல்யாண மண்டபங்களின் பழைய தளங்கள் தேடலில் வராததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.)

தமிழ்ச் சொல் நீளம். ஆங்கிலத்தில் ஆறு வரி கொள்ளும் இடத்தில் தமிழுக்கு மூன்று வரிதான் நன்றாக இருக்கும். பின்வரிசையில் இருப்பவர் படிக்கும் அளவுக்கு எழுத்தைப் பெரிதாக வையுங்கள். சர்ச் கன்சோல் படம் முழுவதையும் போடாதீர்கள், நீங்கள் பேசப்போகிற இரண்டு வரியை வெட்டிப் பெரிதாக்கிப் போடுங்கள். அரங்க இணைய இணைப்பை நம்பி நேரலையாகத் தேடிக் காட்டுவதற்கு நான் எதிரி. எல்லாவற்றுக்கும் படம் எடுத்து வைத்துவிடுங்கள்.

20 நிமிடப் பேச்சு என்றால் 16 நிமிடத்துக்குத் தயாரியுங்கள். மேடைக்கு வர, ஒலிவாங்கி மாட்ட, திரை ஒளிர என்று மீதி போய்விடும். வீட்டில் கடிகாரம் வைத்து வாய்விட்டுப் பேசிப் பாருங்கள். மனதுக்குள் படித்துப் பார்த்தால் நேரம் தெரியாது. முடிந்தால் எஸ்இஓ தெரியாத ஒருவரை, வீட்டில் அக்காவையோ மதினியையோ, எதிரில் உட்காரவைத்துப் பேசுங்கள். அவர்கள் முகம் எங்கே குழம்புகிறதோ அங்கே ஒரு படம் தேவை.

கேள்வி நேரத்தில் பதில் தெரிந்ததற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். தெரியாததற்கு ‘இதை நான் சோதித்ததில்லை, உங்களிடம் கணக்கு இருந்தால் சேர்ந்து பார்க்கலாம்’ என்று சொன்னால் போதும். அந்த ஒரு வரியால் உங்களுக்கு ஒரு நண்பர் கிடைக்கக்கூடும்.

கேட்கப் போகிறவருக்கு

பேசாமல் கேட்க மட்டும் போகிறீர்கள் என்றாலும் வெறுங்கையோடு போகாதீர்கள். உங்கள் தளங்களில் விடை கிடைக்காமல் கிடக்கும் மூன்று கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். நிகழ்ச்சி நிரலைப் பார்த்து, அந்தக் கேள்விகளுக்குக் கிட்ட வரும் அமர்வுகளை மட்டும் குறியுங்கள். எல்லா அமர்விலும் உட்கார்ந்தால் மாலைக்குள் தலை மரத்துவிடும்.

பேச்சாளர் சொல்வதை எல்லாம் வேதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எடைபோடச் சில வழிகள் உண்டு. பக்க வேகம் பற்றிப் பேசுகிறவர் எஃப்ஐடி என்ற அளவுகோலை இன்னும் முதன்மையாகச் சொன்னால் அவர் திரை பழையது. அதன் இடத்துக்கு 2024 மார்ச்சில் ஐஎன்பி வந்துவிட்டது; 200 மில்லிவினாடிக்குள் இருந்தால் நல்லது என்பது கூகுள் சொல்லும் கணக்கு. காலாவதியான டொமைனை வாங்கித் தரவரிசை ஏற்றலாம், கருவியை வைத்து ஒரே நாளில் ஆயிரம் கட்டுரை இறக்கலாம் என்று ஒருவர் சொன்னால் எழுந்துபோய் டீ குடிக்கலாம். அதே 2024 மார்ச்சில் கூகுள் வெளியிட்ட ஸ்பாம் விதிகளில் இவை இரண்டும் பெயர் சொல்லித் தடுக்கப்பட்டவை. முதலிடத்துக்கு உத்தரவாதம் என்று சொல்கிறவரைப் பற்றிப் பேசவே வேண்டாம். நம் அண்ணாச்சிமார் பணத்தை இப்படிப்பட்டவர்களிடம் இழந்ததைப் பார்த்து எனக்கு வயிற்றெரிச்சல் உண்டு. அரங்கில் ஒருவர் அதை ஊக்குவித்தால் மரியாதையாக எழுந்து ஆதாரம் கேளுங்கள்.

கேள்வி கேட்பதற்கும் முறை உண்டு. ‘லோக்கல் எஸ்இஓ எப்படி சார் பண்றது?’ என்றால் பொதுவான பதில்தான் வரும். ‘எங்கள் ஊர்ப் பெயரைத் தமிழில் இரண்டு விதமாகவும், ஆங்கிலத்தில் நாலு விதமாகவும் எழுதுகிறார்கள். ஒரே பக்கம் போதுமா, தனிப் பக்கம் வேண்டுமா? தனிப் பக்கம் வைத்தால் ஒரே உள்ளடக்கம் இரட்டிப்பதாக ஆகாதா?’ என்று கேட்டால் பேச்சாளர் யோசித்துப் பதில் சொல்வார். அரை நிமிடத்தில் உங்கள் நிலைமை, பிறகு ஒரே கேள்வி. உரையாற்ற ஆரம்பித்துவிடாதீர்கள்.

மாநாட்டின் பாதிப் பயன் அரங்குக்கு வெளியே, சாப்பாட்டு வரிசையிலும் டீ மேசையிலும் கிடைக்கும். கூச்சம் இருந்தால் உங்களுக்கு ஒரு வசதி உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் என்று சொன்னதும் எதிரில் இருப்பவர் ‘பால்கோவா!’ என்பார். ஒரு அரைக் கிலோ பாக்கெட் கையில் இருந்தால் பேச்சு தானாகத் தொடங்கும். 2019இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்ததைச் சொல்லி, அதன்பிறகும் வேறு ஊர்ச் சரக்கு அதே பெயரில் இணையத்தில் விற்கப்படுவது ஏன், அசலை வாங்குபவர் தேடலில் எப்படிக் கண்டுபிடிப்பது என்று நீங்கள் கேட்டால், அது வெறும் அறிமுகப் பேச்சாக நிற்காது. பெயரட்டை வாங்கியதும் அதன் பின்புறத்தில் என்ன பேசினோம் என்று இரண்டு சொல் எழுதிவையுங்கள். மறுவாரம் அந்த இரண்டு சொல்லைக் குறிப்பிட்டு ஒரு செய்தி அனுப்பினால் யாரும் மறக்க மாட்டார்கள்.

திரும்பி வந்தபின்

குறிப்பேட்டில் முப்பது யோசனை இருக்கும். ரயிலிலேயே அதில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், ஒன்றை மட்டும். ஒரு தளத்தில், ஒரு பக்கத்தில் அதைச் செய்து தேதியைக் குறித்துவைத்துக் காத்திருங்கள். ஒரே வாரத்தில் ஐந்தாறு மாற்றத்தைச் செய்துவிட்டால், ஏறினாலும் இறங்கினாலும் எதனால் என்று கடைசிவரை தெரியாது. அந்த ஒரு மாற்றத்தின் விளைவே அடுத்த ஆண்டு உங்கள் பேச்சுக்கான விதை.

பேசியவர்கள் திரையின் பிடிஎஃப்பை அன்றைக்கே கேட்டவர்களுக்கு அனுப்பிவிடுங்கள். கணக்கைக் கொடுத்த கடைக்காரரிடம் போய், கூட்டத்தில் என்ன கேட்டார்கள், என்ன புதிதாகத் தெரிந்தது என்று உட்கார்ந்து சொல்லுங்கள். அவர் கடைக்கு அதில் ஏதாவது செய்ய முடியும் என்றால் அதை முதலில் செய்யுங்கள். கிருஷ்ணன்கோவிலிலும் ராஜபாளையத்திலும் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. அதே பேச்சை அங்கே மாணவர்களுக்கு ஒருமுறை பேசக் கேட்டுப்பாருங்கள். தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் ஜோஹோ வந்தபின், ஊரிலேயே இருந்து மென்பொருள் வேலை பார்க்கலாம் என்ற நம்பிக்கை இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு உண்டு. தேடலும் அப்படி ஒரு வேலை என்று அவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

அடுத்த மாநாட்டுக்கான பேச்சுச் சுருக்கம் கேட்கும் அறிவிப்பு பெரும்பாலும் மாநாட்டுக்குப் பல மாதம் முன்பே வந்துவிடும். வந்த உடனே நாட்காட்டியில் குறித்து, சர்ச் கன்சோல் கணக்கை அன்றே ஒருமுறை இறக்கிவிடுங்கள்.